லிங்க் ஒன்று விழுந்தால் எத்தனை எண்ட்ரி மாற வேண்டும்?

வாடிக்கையாளர்களை இணைக்கும் எட்ஜ் ரவுட்டர் ஒன்றில் முழு இணைய டேபிள், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல், ஏறியிருக்கிறது. ஐபிவி4 மட்டுமே பத்து லட்சத்தை ஒட்டிய பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி). கோர் எனும் நடு நெட்வொர்க் பக்கம் இரண்டு ஃபைபர். அதில் ஒன்றைப் பிடுங்கினால், போர்ட் செத்தது சில மில்லி விநாடிகளில் தெரிந்துவிடுகிறது. நெட்வொர்க்குக்குள் வழி கண்டுபிடிக்கும் ஐஎஸ்-ஐஎஸ் அரை விநாடிக்குள் புதுப் பாதையைக் கணக்குப் போட்டு முடிக்கிறது. வெளி ரூட்களைப் பரிமாறும் பிஜிபியின் செஷன் ஒன்றுகூட விழவில்லை, லாகிலும் குறை எதுவும் இல்லை. ஆனாலும் சில வாடிக்கையாளர்களுக்கு உடனே சரியாகிறது, சிலருக்கு ஒன்றரை நிமிடம் வரை பாக்கெட் தொலைந்துகொண்டே இருக்கிறது.

இந்த அறிகுறியைக் கண்டதும் பலரும் கைவைப்பது டைமர்களில்தான். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டியின் இடைவெளியைக் குறைப்பார்கள், பாதையைக் கணக்கிடும் எஸ்பிஎஃப்பின் தாமதத்தை இறக்குவார்கள். ஒன்றரை நிமிடத்தில் நூறு மில்லி விநாடி மிச்சமாகும், அவ்வளவுதான். கோளாறு டைமரில் இல்லை; பாக்கெட்டை எங்கே தள்ளுவது என்று சொல்லும் ஃபார்வர்டிங் டேபிள் (ஃபிப்) அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. பத்து லட்சம் எண்ட்ரியிலும் ‘போர்ட் 3’ என்று நேரடியாக எழுதியிருந்தால், போர்ட் 3 செத்ததும் பத்து லட்சத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும். போர்ட்கள் உள்ள லைன் கார்டு விநாடிக்குப் பத்தாயிரம் எண்ட்ரி எழுதும் என்று வைத்துக்கொண்டால் 100 விநாடி. முதலில் திருத்தப்பட்ட பிரிஃபிக்ஸுக்குப் போகிறவர் அதிர்ஷ்டசாலி. ஐந்நூறு கல்யாணப் பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்த பிறகு மண்டபத்தை மாற்றினால் வீடு வீடாகப் போய்த் திருத்துகிற கதைதான் இது.

சங்கிலி எப்படிக் கோக்கப்படுகிறது

203.0.113.0/24 என்ற பிரிஃபிக்ஸை எடுத்துக்கொள்வோம். பிஜிபிக்குத் தெரிந்ததெல்லாம் ‘இதற்கு 10.255.0.1’ என்பது மட்டும். அது வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பார்டர்-1 ரவுட்டரின் லூப்பேக், அதாவது எந்த போர்ட்டையும் சாராத அதன் சொந்த முகவரி. பிஜிபி சொல்லும் இந்த முகவரிக்கு நெக்ஸ்ட் ஹாப் என்று பெயர். பக்கத்து ரவுட்டர் அல்ல, மூன்று நான்கு ஹாப் தள்ளி இருப்பது. அங்கே போய்ச் சேர கோர்-1 வழியா, கோர்-2 வழியா என்பதை ஐஎஸ்-ஐஎஸ்ஸோ ஓஎஸ்பிஎஃபோ சொல்கிறது; இந்த உள் நெறிமுறைகளுக்குப் பொதுப்பெயர் ஐஜிபி. கோர்-1க்குப் போக எந்த போர்ட், என்ன மேக் முகவரி என்பதை ஏஆர்பி சொல்கிறது. ஆக மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்பவர் வேறு, மூன்றும் மாறுகிற வேகமும் வேறு.

தட்டையான டேபிள் மூன்று பதிலையும் முன்கூட்டியே ஒன்றாகப் பிசைந்து பிரிஃபிக்ஸின் தலையில் ஒட்டிவிடுகிறது. அடுக்கு முறையில் ஒவ்வொரு பதிலும் தனிப் பொருளாக நிற்கும். மேலே உள்ளது கீழே உள்ளதைச் சுட்டிக்காட்டும். அடித்தளத்தில் அட்ஜசென்சி: வெளியேறும் போர்ட்டும், பாக்கெட்டின் முன்னால் ஒட்டவேண்டிய 14 பைட் ஈதர்நெட் தலைப்பும். அதன்மேல் ஐஜிபி பாத் லிஸ்ட்: 10.255.0.1க்குப் போகும் வழிகளான கோர்-1, கோர்-2 இரண்டின் அட்ஜசென்சிகளையும் சுட்டும் பட்டியல். அதற்கும் மேல் பிஜிபி பாத் லிஸ்ட்: ‘முதலில் 10.255.0.1, அது போனால் 10.255.0.2’ என்ற பட்டியல். உச்சியில் பிரிஃபிக்ஸ். அதனிடம் இருப்பது கீழே உள்ள பட்டியலின் எண் மட்டுமே. போர்ட் பெயர் அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இந்த அமைப்பின் பலமே பகிர்வில்தான். ஒரே மாதிரி முதன்மையும் மாற்றும் உள்ள பிரிஃபிக்ஸ்கள் எல்லாம் ஒரே பாத் லிஸ்ட்டைச் சுட்டுகின்றன. நெட்வொர்க்கில் 8 பார்டர் ரவுட்டர் இருந்தால் முதன்மை-மாற்று ஜோடிகள் அதிகபட்சம் 8 × 7 = 56. பிரிஃபிக்ஸ் பத்து லட்சமாக இருந்தாலும் பாத் லிஸ்ட் 56ஐத் தாண்டாது. ஒரு பார்டர் ரவுட்டர் செத்தால் அது முதன்மையாக உள்ள 7 பட்டியலைத் திருப்பினால் போதும். கோர் லிங்க் விழுந்தாலோ, தொடவேண்டியது அந்த லிங்க் வழியே போகும் ஐஜிபி பாத் லிஸ்ட்களை மட்டும். பார்டருக்கு ஒன்று என்று வைத்தால் எட்டு. பிஜிபி என்ற ஒன்று ஓடுவதே அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இருக்க வேண்டியதில்லை. வேலையின் அளவு பிரிஃபிக்ஸ் எண்ணிக்கையைச் சாராததால்தான் இதற்கு ‘பிரிஃபிக்ஸ் இண்டிபெண்டன்ட் கன்வர்ஜென்ஸ்’ என்று பெயர். வேலைத்தளத்தில் சுருக்கமாக ‘பிக்’.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். அடுக்கு முறை பிரிஃபிக்ஸ் இடத்தை மிச்சப்படுத்தாது. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணைய டேபிள் 512 கே வரம்பைத் தாண்டியபோது பழைய கார்டுகளில் பிரிஃபிக்ஸ்களை வைக்கும் டிகேம் நினைவகம் நிரம்பி வழிந்ததே, அதை எந்த அடுக்கும் தடுத்திருக்காது. பத்து லட்சம் பிரிஃபிக்ஸுக்கு உச்சியில் பத்து லட்சம் இடம் வேண்டும். குறைவது லிங்க் விழும்போது திருத்த வேண்டிய எண்ட்ரிகளின் எண்ணிக்கைதான். மாறாக, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதலாக ஓரிரு முறை நினைவகத்தைப் படிக்கவேண்டிய செலவு இதில் உண்டு. அந்தச் செலவுக்கு யோசித்துத்தான் சில தளங்களில் இது இயல்பாக அணைந்தே வருகிறது.

உங்கள் பெட்டியில் இருக்கிறதா?

டேட்டாஷீட்டை நம்பாதீர்கள், டேபிளையே பாருங்கள். ஜூனிப்பரில் ஃபார்வர்டிங் டேபிளில் ஒரு பிஜிபி பிரிஃபிக்ஸைக் காட்டச் சொன்னால் நெக்ஸ்ட் ஹாப் வகை என்ற பத்தி வரும். அதில் ‘இன்டைரக்ட்’ என்பதன் சுருக்கம் இருந்து, அதன் கீழே யூனிகாஸ்ட் நெக்ஸ்ட் ஹாப் தொங்கினால் அடுக்கு இருக்கிறது. அதே பார்டர் வழியே போகும் இன்னொரு பிரிஃபிக்ஸையும் எடுத்து இரண்டின் இன்டைரக்ட் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால்தான் பகிர்வு நடக்கிறது. டிரியோ சிப் உள்ள எம்எக்ஸ் கார்டுகளில் இது இயல்பாகவே இயங்கும். பழைய கார்டுகளில் ஃபார்வர்டிங் டேபிள் பகுதியில் இன்டைரக்ட் நெக்ஸ்ட் ஹாப் என்று ஒரு வரி போட்டாக வேண்டும். இன்னொரு வரியும் முக்கியம்: ஃபார்வர்டிங் டேபிளுக்கான எக்ஸ்போர்ட் பாலிசியில் ‘லோட் பேலன்ஸ் பெர் பாக்கெட்’. அது இல்லாவிட்டால் ரிப்பில் (நெறிமுறைகள் கண்ட வழிகளின் டேபிள்) இரண்டு வழி தெரியும், ஃபிப்பில் ஒன்றுதான் இறங்கும். மாற்றுப் பாதையும் இறங்காது. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். பாக்கெட் வாரியாக அல்ல, ஃப்ளோ (ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள்) வாரியாகத்தான் பிரிக்கும். பெயர் பழைய காலத்து மிச்சம்.

சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் செஃப் எனும் ஃபார்வர்டிங் டேபிளின் அவுட்புட் செயினை எதற்குச் சாதகமாகக் கட்டுவது என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு: கன்வர்ஜென்ஸ் வேகத்துக்கா, மெமரிச் சிக்கனத்துக்கா. வேகம் என்று மாற்றிவிட்டு, செஃப்பின் இன்டர்னல் காட்சியில் ஒரு பிரிஃபிக்ஸைப் பாருங்கள். ‘ரிகர்சிவ்’ என்ற சொல்லும் அதன் கீழ் 10.255.0.1ம், அதற்குக் கீழ் போர்ட்டும் படிப்படியாக வந்தால் சரி. பிரிஃபிக்ஸுக்கு அடுத்து நேராக போர்ட் பெயர் வந்தால் தட்டை.

காட்சி ஒருபுறம், அளவு ஒருபுறம். சோதனைக்கு டிராஃபிக் ஜெனரேட்டரில் 20 பிரிஃபிக்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 1000 பாக்கெட் அனுப்புங்கள். தொலைந்த பாக்கெட் ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடி; கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். பிரிஃபிக்ஸ்களை டேபிளின் தொடக்கம், நடு, முடிவு என்று பரவலாகத் தேர்ந்தெடுங்கள். முதல் இருபதை மட்டும் எடுத்தால் தட்டை டேபிளும் வேகமாகத்தான் தெரியும். இதையே 1 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் பிரிஃபிக்ஸ் ஏற்றி மூன்று முறை செய்யுங்கள். இழப்பு எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறினால் எங்கோ தட்டையாகியிருக்கிறது. இருபது ஃப்ளோவுக்கும் இழப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்து, மூன்று அளவிலும் மாறாமல் இருந்தால் அடுக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது.

சோதனையில் லிங்க்கை ‘ஷட்டவுன்’ செய்து பார்ப்பது ஏமாற்று வேலை. ரவுட்டருக்கே முன்கூட்டித் தெரிந்த சாவு அது. ஃபைபரைக் கையால் பிடுங்குங்கள். முடிந்தால் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் வருகிறது, மறுபக்கம் இல்லை என்ற நிலையில்தான் கண்டுபிடிக்கும் நேரம் உண்மை முகத்தைக் காட்டும். நடுவில் சுவிட்ச் இருந்தால் போர்ட் விழவே விழாது. அங்கே பிஎஃப்டி 50 மில்லி விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் என்றால் 150 மில்லி விநாடிதான் உங்கள் தரை. அதற்குக் கீழே எந்த அடுக்கும் இறக்கித் தராது.

மாற்றுப் பாதை வரவே இல்லையென்றால்

கோர் லிங்க் சோதனை தேறிவிட்டது என்ற மகிழ்ச்சியில் பார்டர்-1இன் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும்போதுதான் பல நெட்வொர்க்குகள் தடுக்கி விழுகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றே: பிஜிபி பாத் லிஸ்ட்டில் இரண்டாவது ஆளே இல்லை.

பிஜிபி ரூட்களை வாங்கி மற்ற ரவுட்டர்களுக்கு அனுப்பும் ரூட் ரிஃப்ளெக்டர் ஒரு பிரிஃபிக்ஸுக்குத் தான் தேர்ந்த ஒரே வழியைத்தான் கீழே அனுப்பும். பார்டர்-1, பார்டர்-2 இரண்டும் அதே பிரிஃபிக்ஸை அறிவித்தாலும் எட்ஜுக்கு வந்து சேர்வது ஒன்று. போதாததற்கு, பார்டர்-1க்கு லோக்கல் பிரெஃபரன்ஸ் (முன்னுரிமை எண்) 200 கொடுத்திருந்தால் பார்டர்-2 தன் சொந்த வெளி வழியை அறிவிப்பதையே நிறுத்திவிடும். அதன் பார்வையிலும் சிறந்தது பார்டர்-1தானே. ஆகவே ரிஃப்ளெக்டரிடமே இரண்டாவது வழி இல்லை. இதற்குப் பார்டர்-2இல், தன் வெளி வழியையும் அறிவிக்கச் செய்யும் ‘பெஸ்ட் எக்ஸ்டர்னல்’ போட வேண்டும், ரிஃப்ளெக்டருக்கும் எட்ஜுக்கும் இடையே, ஒரு பிரிஃபிக்ஸுக்குப் பல வழிகளை அனுப்பவிடும் ஆட்-பாத் போட வேண்டும். ஆட்-பாத் 2016இல் ஆர்எஃப்சி 7911 ஆக வந்தது. இரு முனையும் ஒப்புக்கொண்டால்தான் ஓடும், இயக்கும்போது செஷன் ஒருமுறை விழுந்து எழும். ஆகவே பராமரிப்பு நேரத்தில் செய்யுங்கள். லேபிள் ஒட்டிப் பாக்கெட்டை அனுப்பும் எம்பிஎல்எஸ் விபிஎன் ஆக இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். ஒவ்வொரு பிஇக்கும் (விபிஎன் எட்ஜ் ரவுட்டர்) வேறு வேறு ஆர்டி (பிரிஃபிக்ஸின் முன்னால் ஒட்டும் அடையாள எண்) கொடுத்துவிட்டால் ரிஃப்ளெக்டரின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு பிரிஃபிக்ஸ், இரண்டையும் அனுப்பிவிடும். விபிஎன் வடிவமைக்கும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிட்டால் செலவு சுழி. ஓடும் நெட்வொர்க்கில் ஆர்டியை மாற்றுவது அந்த விஆர்எஃப்பின் (வாடிக்கையாளருக்கான தனி ரூட்டிங் டேபிள்) ரூட் அத்தனையையும் திரும்பப் பெற்று மறுபடி அறிவிப்பதற்குச் சமம்.

வழி வந்துவிட்டால் மட்டும் போதாது, அதை ஃபிப்பில் இறக்கச் சொல்ல வேண்டும். சிஸ்கோவில் ஆடிஷனல் பாத் இன்ஸ்டால், ஜூனிப்பரில் ப்ரொடெக்ட் கோர். இவை இல்லாமல் ரிப்பில் இரண்டு வழியும் கண்ணுக்குத் தெரியும், லைன் கார்டில் ஒன்றுதான் இருக்கும். சோதனை செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

டீஃபால்ட் ரூட் என்ற குழி

பார்டர்-1 செத்தால் 10.255.0.1/32 என்ற ஒற்றை முகவரி ரூட் ஐஜிபியிலிருந்து மறைகிறது. அது மறைந்ததே ஃபிப்புக்குச் சைகை; உடனே மாற்றுக்குத் திரும்புகிறது. பிஜிபியின் நெக்ஸ்ட் ஹாப் கண்காணிப்பு தன் தாமதம் முடிந்து (ஐஓஎஸ்ஸில் இயல்பாக 5 விநாடி, ஐஓஎஸ்-எக்ஸ்ஆரில் அவசர நிகழ்வுக்கு 3 விநாடி, மற்றவற்றுக்கு 10) நிதானமாக வந்து கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அதற்குள் டிராஃபிக் திரும்பி முடிந்திருக்கும்.

ஆனால் 10.255.0.0/16 என்று ஒரு சுருக்க ரூட்டோ, 0.0.0.0/0 என்ற டீஃபால்ட் ரூட் ஒன்றோ ஐஜிபியில் கிடந்தால்? /32 போனதும் நெக்ஸ்ட் ஹாப் அந்தப் பெரிய ரூட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. ரவுட்டரைப் பொறுத்தவரை 10.255.0.1 இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சங்கிலி அறவில்லை, ஆகவே மாற்றும் எழவில்லை. பாக்கெட்டுகள் செத்த ரவுட்டரைத் தேடிப் போய்ச் சுருக்க ரூட்டை அறிவித்தவரிடம் விழுந்து மடிகின்றன, அல்லது இரண்டு ரவுட்டருக்கு நடுவே பந்தாடுகின்றன. இது ஓய்வது பிஜிபி ஹோல்டு டைமர் தீரும்போதுதான்: சிஸ்கோவின் இயல்பு 180 விநாடி, ஜூனிப்பரில் 90.

மருந்து எளிது. நெக்ஸ்ட் ஹாப்பைத் தீர்க்கும்போது /32 அல்லது /128 மட்டுமே செல்லும் என்று வடிகட்டி போடுங்கள். சிஸ்கோவில் பிஜிபி நெக்ஸ்ட் ஹாப்புக்கான ரூட் மேப், ஜூனிப்பரில் ரெசல்யூஷன் பகுதியில் இம்போர்ட் பாலிசி. திறமூல ரூட்டிங் மென்பொருளான எஃப்ஆர்ஆரில் டீஃபால்ட் வழியே தீர்க்கலாமா என்பதற்குத் தனி வரி இருக்கிறது. உங்கள் பதிப்பில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியா எல்லையில் லூப்பேக்குகளைச் சுருக்கி அனுப்புகிறவர்களுக்கு இந்த வடிகட்டி எதிர்ப்பக்கம் கடிக்கும்: /32 அங்கே வரவே வராது, பிஜிபி ரூட் முழுவதும் செல்லாததாகிவிடும். வடிகட்டியை ஏற்றுவதற்கு முன், இப்போது ஒவ்வொரு நெக்ஸ்ட் ஹாப்பும் எந்த நீளத்தில் தீர்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்ப்பது நல்லது. சுருக்க வேண்டிய தேவை இருந்தால் சாதாரண முகவரிகளைச் சுருக்குங்கள், பிஇ லூப்பேக்குகளை மட்டும் கசிய விடுங்கள்.

பார்டர் உயிரோடு, அதன் வெளி லிங்க் மட்டும் செத்தால்

மூன்று வகைச் சாவில் இதுதான் சிக்கலானது. பார்டர்-1 நெக்ஸ்ட் ஹாப் செல்ஃப் போட்டிருக்கிறது, அதாவது தன் லூப்பேக்கையே நெக்ஸ்ட் ஹாப்பாகச் சொல்கிறது. இணையம் தரும் அப்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்கான லிங்க் அறுந்தது. லூப்பேக் அசையவில்லை. எட்ஜுக்கு எதுவும் தெரியாது. பார்டர்-1 பத்து லட்சம் ரூட்டையும் திரும்பப் பெற்று, அந்தச் செய்தி ரிஃப்ளெக்டர் வழியே வரும்வரை பழைய வழியிலேயே அனுப்பும். அந்த இடைவெளியில் பார்டர்-1 தானே பாக்கெட்டுகளைப் பார்டர்-2க்குத் திருப்பிவிட வேண்டும்.

திருப்புகிறது. பார்டர்-2 பாக்கெட்டை வாங்கி ஐபி முகவரியைப் பார்க்கிறது. அதன் டேபிளில் சிறந்த வழி இன்னும் பார்டர்-1. திருப்பி அனுப்புகிறது. டிடிஎல் (பாக்கெட்டின் ஹாப் வரம்பு) தீரும்வரை இரண்டுக்கும் நடுவே பிங்பாங். ஏற்கெனவே நிரம்பிய லிங்க் ஒன்று இந்தச் சுழலில் மூச்சுத்திணறி, சம்பந்தமே இல்லாத டிராஃபிக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

சுழல் உடைய வேண்டுமானால் பார்டர்-2 ஐபி முகவரியைப் பார்க்கவே கூடாது. லேபிள் இருந்தால் இது கைகூடும்: ‘இந்த லேபிளோடு வந்தால் இந்த வெளி போர்ட்டில் தள்ளு’. இதனால்தான் விபிஎன்னில் லேபிளை எப்படிக் கொடுக்கிறோம் என்பது வெறும் சிக்கனக் கேள்வி அல்ல. பிரிஃபிக்ஸுக்கு ஒன்றோ, சிஇக்கு (வாடிக்கையாளர் பக்க ரவுட்டர்) ஒன்றோ கொடுத்தால் சுழலாது. விஆர்எஃப்புக்கு ஒரே லேபிள் கொடுத்தால் (ஜூனிப்பரில் விஆர்எஃப் டேபிள் லேபிள்) லேபிளைக் கழற்றியபின் ஐபி தேடல் நடக்கிறது, சுழல் திரும்பிவிடுகிறது. லேபிள் செலவைக் குறைக்க விஆர்எஃப்புக்கு ஒன்று என்று மாற்றியவர்கள், தங்கள் மாற்றுப் பாதைச் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் ஓட்டுவதில்லை.

லேபிளே இல்லாத வெறும் ஐபி நெட்வொர்க்கில் இன்னொரு வழி: நெக்ஸ்ட் ஹாப் செல்ஃபைக் கைவிட்டு, வெளி லிங்க்கின் /30ஐ ஐஜிபியில் பாசிவாகப் போட்டுவிடுவது. இப்போது வெளி லிங்க்கின் சாவு ஐஜிபி வேகத்தில் எட்ஜுக்குத் தெரிந்துவிடும், எட்ஜே மாற்றுக்குத் திரும்பும். விலை என்னவென்றால் வெளியார் லிங்க் ஆடும்போதெல்லாம் உங்கள் ஐஜிபியும் ஆடும். அப்ஸ்ட்ரீம் நான்கைந்துதான் என்றால் தாராளமாகச் செய்யலாம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் லிங்க்குகளுக்கு இதைச் செய்வது நல்லதல்ல. மேலே சொன்ன /32 வடிகட்டியும் இந்த /30களை மறுத்துவிடும். வடிகட்டியில் அவற்றுக்கு இடம் வைக்க மறந்தால் ஒரே கமிட்டில் அப்ஸ்ட்ரீம் முழுவதும் காணாமல் போகும்.

லேபிள் பற்றிப் பேசும்போது இதையும் கவனிக்க வேண்டும். விபிஎன்னில் பிரிஃபிக்ஸுக்குப் பிரிஃபிக்ஸ் உள் லேபிள் மாறும். அந்த லேபிளைப் பாத் லிஸ்ட்டுக்குள் வைத்தால் இரண்டு பிரிஃபிக்ஸ்கூட ஒரு பட்டியலைப் பகிர முடியாது. 56 பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில் முளைக்கும். ஆகவே லேபிள் பிரிஃபிக்ஸோடு நிற்க வேண்டும், வழி மட்டும் பகிரப்பட வேண்டும். ஜூனிப்பரில் செயின்டு காம்போசிட் நெக்ஸ்ட் ஹாப் என்பது இந்தப் பிரிவினைதான்.

சிப் எத்தனை படி தாங்கும்

மென்பொருளில் எத்தனை படி வேண்டுமானாலும் அடுக்கலாம். சிப்பில் முடியாது. விபிஎன் பிரிஃபிக்ஸ், அதன் பிஜிபி நெக்ஸ்ட் ஹாப், அது பிஜிபி லேபிள்டு யூனிகாஸ்ட் வழியே இன்னொரு நெக்ஸ்ட் ஹாப், அதற்கு ஐஜிபி வழிகள், ஒவ்வொரு வழியும் ஒரு லிங்க் பண்டில், பண்டிலுக்குள் உறுப்பு லிங்க் என்று எண்ணிப் பாருங்கள். சிப் இரண்டே படிதான் தாங்கும் என்றால் மீதிப் படிகளை டிரைவர் நசுக்கித் தட்டையாக்கிவிடும். பாத் லிஸ்ட் எண்ணிக்கையை வைத்து நீங்கள் போட்ட கணக்கு அங்கே பொய்த்துவிடும். எந்தப் படி நசுங்குகிறதோ, அந்தப் படியில் வரும் சாவுக்குத்தான் வேகம் போகும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ‘அடுக்கு ஃபிப் உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். ‘வன்பொருளில் எத்தனை படி, எனக்கு வேண்டிய இந்தச் சங்கிலியில் எந்தப் படி நசுங்கும்’ என்று கேட்டால்தான் பதில் பிரயோசனப்படும்.

நசுக்கலில் பங்கீடும் குலைகிறது. பிஜிபியில் சம எடையுள்ள இரண்டு நெக்ஸ்ட் ஹாப்: முதலாவதுக்கு ஐஜிபி வழி மூன்று, இரண்டாவதுக்கு ஒன்று. அடுக்கில் பாதிக்குப் பாதி பிரியும். நசுக்கி நான்கு உறுப்புள்ள ஒரே குழுவாக்கிச் சம எடை கொடுத்தால் 75க்கு 25. சரியாக வைக்க 1, 1, 1, 3 என்று எடை போட்டு ஆறு இடம் ஒதுக்க வேண்டும். ஒரு பார்டர் லிங்க் மட்டும் காரணமில்லாமல் நிரம்பி, இன்னொன்று காலியாகக் கிடந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லினக்ஸில் கையால் தொட்டுப் பார்க்க

ரவுட்டர் எதுவும் இல்லாமல், ஒரு மடிக்கணினியிலேயே இதை ஓரளவு பார்க்கலாம். லினக்ஸ் கெர்னல் 5.3இல், 2019இல், நெக்ஸ்ட் ஹாப் தனிப் பொருளாக வந்தது. மூன்று நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்) உருவாக்கி, நடுவில் உள்ளதை மற்ற இரண்டோடு வெத் (மெய்நிகர் கேபிள்) ஜோடிகளால் இணையுங்கள். நடுப் பக்கம் 192.0.2.1/30, 192.0.2.5/30, எதிர்ப்பக்கம் 192.0.2.2, 192.0.2.6. இரு முனைகளையும் மேலே ஏற்றுவதற்கு முன் நெக்ஸ்ட் ஹாப் உருவாக்கினால் ‘கேரியர் இல்லை’ என்று கெர்னல் மறுக்கும். முகவரி போடும் முன் உருவாக்கினால் கேட்வே செல்லாது என்னும்.

ஐபி கட்டளையின் நெக்ஸ்ட்ஹாப் பகுதியில் ஐடி 1ஐ 192.0.2.2க்கும், ஐடி 2ஐ 192.0.2.6க்கும் உருவாக்குங்கள். பிறகு ஐடி 10ஐ ‘குரூப் 1’ என்று ஓர் உறுப்புள்ள குழுவாக. ஓர் உறுப்புக்கு எதற்குக் குழு என்று தோன்றும். தனி நெக்ஸ்ட் ஹாப்பைப் பிற்பாடு அதே எண்ணில் குழுவாக மாற்றக் கெர்னல் விடாது, குழுவைத் தனியாக மாற்றவும் விடாது. ஆகவே தொடக்கத்திலேயே குழு.

10.0.0.0/8க்குள் இருக்கும் /24 அத்தனையும், 65,536 வரி, ஒரு கோப்பில் எழுதி ஒவ்வொன்றின் முடிவிலும் என்ஹெச்ஐடி 10 என்று போட்டு பேட்ச் முறையில் ஏற்றுங்கள். இப்போது ஐடி 10ஐ ‘குரூப் 2’ என்று ரிப்ளேஸ் செய்யுங்கள். ஒரே கட்டளையில் 65,536 ரூட்டும் திரும்பிவிட்டன. ஒப்பிட வேண்டுமானால் அதே ரூட்களைப் பழைய முறையில் கேட்வேயோடு ஏற்றி, ஒவ்வொன்றையும் ரிப்ளேஸ் செய்யும் கோப்பை ஓட்டி நேரத்தைப் பாருங்கள்.

இன்னொரு டெர்மினலில் ஐபி மானிட்டரை ரூட்டுக்கு ஓட்டிக்கொண்டே அந்த ஒற்றை ரிப்ளேஸைச் செய்தால் திரை முழுக்க வரிகள் கொட்டும். மாறியது ஒரே பொருள்தான். பழைய மென்பொருள்களுக்காகக் கெர்னல் ஒவ்வொரு ரூட்டுக்கும் அறிவிப்பு அனுப்புகிறது. ஐபிவி4 சிஸ்கண்ட்ரோலில் நெக்ஸ்ட்ஹாப் காம்பாட் மோடை 0 ஆக்கினால் நின்றுவிடும். அதை 1லேயே விட்டுவிட்டு ‘அடுக்கு போட்டும் சிபியு ஏறுகிறதே’ என்று திகைப்பது வழக்கம். அறிவிப்புகளைக் கேட்கும் டீமன் (பின்னணி மென்பொருள்) இந்தப் புது முறையைப் புரிந்துகொள்ளுமா என்று உறுதிசெய்துவிட்டு 0 ஆக்குங்கள்.

ஐடி 10ஐ அழித்தால் 65,536 ரூட்டும் சத்தமில்லாமல் சேர்ந்து அழியும். ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று தடுக்காது. எதிர்முனை இன்டர்ஃபேஸை இறக்கினால் அந்த வழியான நெக்ஸ்ட் ஹாப்பே நீக்கப்படும், குழு ஓர் உறுப்பு இளைக்கும், கடைசி உறுப்பும் போனால் குழுவும் ரூட்களும் போகும். பழைய முறையில் கேரியர் போனால் ரூட் ‘லிங்க்டவுன்’ குறியோடு அங்கேயே கிடக்கும், இங்கே அப்படியில்லை. லிங்க் மேலே வந்ததும் நெக்ஸ்ட் ஹாப் தானாகத் திரும்பி வராது. எஃப்ஆர்ஆர் போன்ற ஒன்று மேலே இருந்தால் அது மறுபடி ஏற்றும். ஷெல் ஸ்கிரிப்டில் கட்டியிருந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. குழுவுக்குள் குழுவையும் கெர்னல் ஏற்காது. ஆகவே பிஜிபி, ஐஜிபி என்ற இரண்டு பாத் லிஸ்ட் படிகளை அப்படியே கெர்னலில் பதிக்க முடியாது. மேலே உள்ள டீமன் நசுக்கித்தான் இறக்குகிறது.

திரும்பி வரும்போது

விழும்போது கவனிப்பவர்கள், எழும்போது கவனிப்பதில்லை. பார்டர்-1 ரீபூட் ஆகி வருகிறது. ஐஎஸ்-ஐஎஸ் சில விநாடிகளில் மேலே வந்துவிடும். முழு டேபிளைப் பிஜிபியில் வாங்கி லைன் கார்டு வரை இறக்கச் சில நிமிடம் ஆகும். இந்த இடைவெளியில் ஐஜிபியின் குறைந்த செலவுப் பாதை அதன் வழியே போனால், லேபிள் இல்லாத டிராஃபிக் அத்தனையும் ரூட் இல்லாத பெட்டிக்குள் போய் விழும். ஐஎஸ்-ஐஎஸ்ஸில் ஓவர்லோடு பிட்டை, ஓஎஸ்பிஎஃபில் மேக்ஸ் மெட்ரிக்கை, பிஜிபி தயாராகும்வரை என்று வையுங்கள்; இரண்டும் ‘என் வழியே போகாதீர்கள்’ என்ற அறிவிப்புதான். பிஜிபி முடிந்தது என்பதும் ஃபிப் நிரம்பியது என்பதும் ஒன்றல்ல. லைன் கார்டில் எண்ட்ரி எண்ணிக்கை ஏறி நிலைத்த நேரத்தை ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்து, அதன்மேல் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி டைமர் போடுங்கள்.

அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதே நெக்ஸ்ட் ஹாப் பொருள்களின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். சங்கிலி கீழிருந்து மேலாகக் கட்டப்படும், மேலிருந்து கீழாகக் கலைக்கப்படும். ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுட்டுபவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கும்; சுழியானால்தான் அழியும். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தால் ஆளில்லாத பொருள்கள் மிஞ்சும். ஒரு லிங்க் பத்து முறை ஆடியபின் பிரிஃபிக்ஸ் எண்ணிக்கை அதேயாக இருந்து, நெக்ஸ்ட் ஹாப் எண்ணிக்கை மட்டும் சில நூறு கூடியிருந்தால் கசிவு. சிப்பின் நெக்ஸ்ட் ஹாப் டேபிள் பிரிஃபிக்ஸ் டேபிளைவிட மிகச் சிறியது. அது நிரம்பும் நாளில் புது ரூட் எதுவும் இறங்காது, பழையவை ஓடிக்கொண்டே இருக்கும். புகார் ஒரே ஒரு புது வாடிக்கையாளரிடமிருந்துதான் வரும்.